வாக்கு வேறு, ஆசனம் வேறு: பாராளுமன்றத் தேர்தல் கேள்வி - பதில்

இலங்கையின் பாராளுமன்றத் தேர்தல்கள் பற்றி வந்து சேர்ந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே சந்தேகத்தைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கின்றன. கூட வாக்கு எடுத்தவருக்கு ஏன் கூட ஆசனம் கிடைக்கவில்லை? அந்தக் கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

கேள்வி: 2024 தேர்தலில் யாழ். மாவட்டத்தில் தமிழரசுக் கட்சி 63,327 வாக்கு எடுத்தும் ஒரே ஆசனம். தமிழ்க் காங்கிரஸ் 27,986 எடுத்தும் ஒரே ஆசனம். தேசிய மக்கள் சக்திக்கு 80,830க்கு மூன்று. இது என்ன கணக்கு?
(வாசகர், சாவகச்சேரி)

பதில்: கணக்கில் பிழை இல்லை. ஒரு தாளும் பேனையும் எடுங்கள், சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.

யாழ். மாவட்டத்தில் செல்லுபடியான வாக்குகள் 325,312. முதல் வேலை, இதில் 5 சதவீதம் எடுக்காதவர்களை வெட்டுவது. 5 சதவீதம் என்பது 16,266 வாக்கு. இந்த வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்கள் ஆறு பேர்: தேசிய மக்கள் சக்தி 80,830, தமிழரசுக் கட்சி 63,327, தமிழ்க் காங்கிரஸ் 27,986, 17ஆம் இலக்கச் சுயேச்சைக்குழு 27,855, ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணி 22,513, ஈ.பி.டி.பி. 17,730. ஐக்கிய மக்கள் சக்தி 15,276 எடுத்து ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான வாக்கில் வெளியே போனது. வெட்டப்பட்டவர்களின் வாக்குகளை மாவட்டக் கணக்கில் இனி ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இரண்டாவது, போனஸ் ஆசனம். மாவட்டத்தில் முதலிடம் வந்த கட்சிக்கு ஓர் ஆசனம் அப்படியே போகும். எவ்வளவு வித்தியாசத்தில் முதலிடம் என்பது பொருட்டில்லை, ஒரு வாக்கு கூடினாலும் போதும். மாவட்டத்துக்குள்ள ஆறு ஆசனத்தில் ஒன்று தேசிய மக்கள் சக்திக்குப் போக, மிச்சம் ஐந்து.

மூன்றாவது, வகுத்தல். ஆறு பேரின் வாக்குகளையும் கூட்டினால் 240,241. அதை ஐந்தால் வகுத்தால் 48,048.2. தசமம் வந்தால் அடுத்த முழு எண்ணுக்கு ஏற்ற வேண்டும் என்பது சட்டம். ஆக, ஓர் ஆசனத்தின் விலை 48,049 வாக்கு.

இந்த விலையை முழுதாகக் கட்டக் கூடியவர்கள் இரண்டே பேர். தேசிய மக்கள் சக்தி ஒன்றை வாங்கிய பிறகு அதன் கையில் 32,781 மீதி. தமிழரசுக் கட்சி ஒன்றை வாங்கிய பிறகு 15,278 மீதி. மற்ற நால்வரும் ஒன்றும் வாங்கவில்லை, ஆகவே அவர்களுடைய முழு வாக்கும் அப்படியே மீதியாக நிற்கிறது. விற்காமல் கிடக்கும் மூன்று ஆசனங்களும் பெரிய மீதி உள்ளவர்களுக்கு வரிசையாகப் போகும்: 32,781, 27,986, 27,855. அடுத்து நிற்பவை 22,513, 17,730. தமிழரசுக் கட்சியின் 15,278 அந்த வரிசையில் கடைசி.

போனஸ் ஒன்று, விலை கொடுத்து ஒன்று, மீதியில் ஒன்று என்று தேசிய மக்கள் சக்திக்கு மூன்று. மற்ற மூவருக்கும் ஒவ்வொன்று.

இதே வாக்குகளை வேறு விதியில் போட்டுப் பார்த்தால் இன்னும் விளங்கும். போனஸ் ஆசனமே இல்லை என்று வைத்து ஆறால் வகுத்தால் ஓர் ஆசனத்தின் விலை 40,041. அப்போது தேசிய மக்கள் சக்திக்கு 2, தமிழரசுக் கட்சிக்கு 2, மற்ற இருவருக்கும் ஒவ்வொன்று. ஆக, தமிழரசுக் கட்சியின் இரண்டாவது ஆசனத்தை எடுத்தது போனஸ் விதி. இன்னொன்று: ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணியின் 22,513 வாக்கும் தமிழரசுக் கட்சியின் பெட்டிக்குள்ளேயே விழுந்திருந்தால் கூட்டுத்தொகை 85,840. முதலிடமும் போனஸும் கை மாறியிருக்கும். கணக்கு 3, 2, 1 என்று முடிந்திருக்கும், சுயேச்சைக்குழுவுக்கு ஒன்றுமில்லை. கட்சிகள் சேர்ந்தால் வாக்குகளும் அப்படியே சேரும் என்று சொல்ல வரவில்லை. சில வேளை கழியவும் கழியும். ஆனால் இந்த முறையில் பிரிந்து நிற்பவர் தன் ஆசனத்தை மட்டுமல்ல, முதலிடத்தின் ஆசனத்தையும் சேர்த்தே பணயம் வைக்கிறார்.

கேள்வி: இந்த 5 சதவீதம் ஆரம்பத்தில் பன்னிரண்டரை சதவீதமாக இருந்ததாமே?
(வாசகர், மன்னார்)

பதில்: ஆம். 1978 அரசியலமைப்பு, வாக்கின் அளவுக்கேற்ப ஆசனம் பிரிக்கும் விகிதாசார முறையைக் கொண்டுவந்தபோது வெட்டுப்புள்ளி 12.5 சதவீதம். 1988 டிசம்பரில் பதினைந்தாவது திருத்தம் அதை 5 ஆக்கியது. முதலாவது விகிதாசாரப் பொதுத்தேர்தல் 1989 பெப்ரவரி 15இல்தான் நடந்தது என்பதால், 12.5 ஒரு பொதுத்தேர்தலைக்கூடக் காணாமல் கழிந்தது. மேலே போட்ட யாழ். கணக்கில் அதை வைத்துப் பாருங்கள்: 40,664க்குக் கீழே எல்லாரும் வெளியே, மிஞ்சுவது இரண்டு கட்சி, முடிவு 4க்கு 2. சிறு கட்சிகளுக்கு அந்தத் திருத்தம் எவ்வளவு பெரிய கதவு என்பது இப்போது தெரியும்.

கேள்வி: எங்கள் தொகுதியில் அவர்தான் வென்றார் என்று வானொலியில் அறிவித்தார்கள். கடைசியில் அந்தக் கட்சிக்கு மாவட்டத்தில் ஆசனமே இல்லை. எப்படி?
(வாசகி, வவுனியா)

பதில்: தொகுதியை வென்றால் ஒன்றும் கிடைக்காது. 1977 தேர்தலில் இருந்த 160 தொகுதிகளும் இன்று வாக்கெண்ணுவதற்கும் முடிவு அறிவிப்பதற்கும் மட்டும் உயிரோடிருக்கின்றன. ஆசனம் பிரிப்பது 22 தேர்தல் மாவட்டங்களில். இரவு முழுக்க ஒவ்வொரு தொகுதியாக முடிவு வரும்போது பழைய பழக்கத்தில் வெற்றி தோல்வி பேசுகிறோம். காத்திருக்க வேண்டியது மாவட்ட இறுதி முடிவுக்கு.

கேள்வி: 1977இல் சுதந்திரக் கட்சியை விடக் குறைந்த வாக்கு எடுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி எப்படிப் பிரதான எதிர்க்கட்சி ஆனது?
(வாசகர், திருகோணமலை)

பதில்: அது பழைய தொகுதி முறையின் விளையாட்டு. 1977 ஜூலை 21 தேர்தலில் சுதந்திரக் கட்சிக்கு நாடளாவிய ரீதியில் 29.7 சதவீத வாக்கு, ஆசனம் 8. கூட்டணிக்கு 7 சதவீதத்துக்கும் குறைவு, ஆசனம் 18. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 50.9 சதவீதம், 168இல் 140 ஆசனம்.

காரணம், வாக்கு எங்கே விழுந்தது என்பதே. கூட்டணியின் வாக்குகள் வடக்கு, கிழக்கில் திரண்டு கிடந்தன. திரண்டு கிடக்கும் வாக்கு தொகுதியை வெல்லும். சுதந்திரக் கட்சியின் வாக்குகள் தென்னிலங்கை முழுக்கப் பரவி, தொகுதிக்குத் தொகுதி இரண்டாமிடம் வந்தன. தொகுதி முறையில் இரண்டாமிடத்துக்கு விலை பூச்சியம். கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானது இப்படித்தான். சமசமாஜக் கட்சிக்கும் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் அந்தத் தேர்தலில் ஓர் ஆசனம்கூட இல்லை.

இது 1977இல் திடீரென்று வந்த விபத்தும் அல்ல. 1956இல் ஐ.தே.க. 27.9 சதவீத வாக்கு எடுத்து 8 ஆசனத்தோடு நின்றது. அதே தேர்தலில் சமசமாஜக் கட்சி 10.5 சதவீதத்துக்கு 14 ஆசனம் பெற்றது, தமிழரசுக் கட்சி ஐந்தரை சதவீதத்துக்குள் 10 ஆசனம். பண்டாரநாயக்காவின் மக்கள் ஐக்கிய முன்னணியும் இடதுசாரிகளும் போட்டித் தவிர்ப்பு உடன்பாடு செய்து, ஒரே தொகுதியில் ஒருவரை ஒருவர் வெட்டாமல் நின்றதன் பலன் அது. 1960 ஜூலையில் ஐ.தே.க.வுக்கு 37.6 சதவீதமும் 30 ஆசனமும், சுதந்திரக் கட்சிக்கு 33.6 சதவீதமும் 75 ஆசனமும். 1970இல் ஐ.தே.க. 37.9 சதவீதத்துக்கு 17 ஆசனம், சுதந்திரக் கட்சி 36.9 சதவீதத்துக்கு 91. மூன்று தடவையும் இந்தக் கணக்கில் அடிபட்ட கட்சியே 1978இல் விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. கொண்டுவந்த நேரத்தில் அதன் கையில் ஆறில் ஐந்து பங்கு ஆசனம் இருந்தது என்பதுதான் வேடிக்கை.

கேள்வி: 1960 ஜூலைத் தேர்தலில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க எந்தத் தொகுதியில் வென்றார்?
(வாசகர், பதுளை)

பதில்: எந்தத் தொகுதியிலும் இல்லை. அவர் போட்டியிடவே இல்லை. அப்போதிருந்த மேலவையான செனட் சபைக்கு நியமிக்கப்பட்டு அங்கிருந்தே பிரதமராக இருந்தார்.

கேள்வி: அந்தக் காலத்தில் தேர்தல் பல நாள் நடந்தது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ஏன் அப்படி? எப்போது மாறியது?
(வாசகி, கண்டி)

பதில்: முதலாவது பாராளுமன்றத் தேர்தல் 1947 ஓகஸ்ட் 23இல் தொடங்கி செப்டெம்பர் 20இல் முடிந்தது. கிட்டத்தட்ட ஒரு மாதம். அதிலும் நேரடியாகத் தெரிவானவர்கள் 95 பேர், நியமன உறுப்பினர் 6 பேர். 1952இல் மே மாதத்தில் நான்கு நாள், 1956இல் ஏப்ரலில் மூன்று நாள்.

அலுவலர்களும் பொலிசாரும் பெட்டிகளும் நாடு முழுக்க ஒரே நாளில் போதாது என்பது நிர்வாகத்தின் நியாயம். இதன் குறை சொல்லாமலே விளங்கும். முதல் நாள் முடிவைப் பார்த்து மற்ற நாள்காரர் மனம் மாறலாம். எந்தத் தொகுதி எந்த நாளில் என்ற அட்டவணை ஆளுங்கட்சியின் கையில் ஒரு துருப்புச் சீட்டு. 1960 மார்ச் 19 தேர்தல்தான் நாடு முழுக்க ஒரே நாளில் நடந்த முதலாவது பொதுத்தேர்தல். வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18 ஆனதும் தொகுதிகள் 151 உறுப்பினருக்கென்று புதிதாகப் பிரிக்கப்பட்டதும் அதற்கு முந்திய ஆண்டில்.

அந்த மார்ச் பாராளுமன்றம் நிலைக்கவில்லை. ஐ.தே.க. 50, சுதந்திரக் கட்சி 46. ஒருவருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. டட்லி சேனாநாயக்காவின் அரசு அரசின் கொள்கையைச் சொல்லும் சிம்மாசன உரை மீதான வாக்கெடுப்பிலேயே கவிழ்ந்தது. அதனால்தான் ஒரே ஆண்டில் இரண்டு பொதுத்தேர்தல்.

கேள்வி: 1947இல் மலையகத்திலிருந்து உறுப்பினர்கள் போனார்கள், 1952இல் ஒருவரும் இல்லை. தோற்றார்களா?
(வாசகர், ஹட்டன்)

பதில்: தோற்கவில்லை. வாக்காளர்களே இல்லாமல் போனார்கள். 1947இல் இலங்கை இந்திய காங்கிரஸ் சார்பில் நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை உட்படப் பலர் வென்றனர். இடதுசாரிகளும் வேறு சில தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கால் பலன் பெற்றனர். பிறகு 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்காளராக இருக்கப் பிரஜையாக இருக்க வேண்டும் என்றது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் வாக்காளர் இடாப்பிலிருந்து பெயர்கள் ஏன் உதிர்ந்தன என்பது புரியும்.

அதிகம் பேசப்படாத பக்கம் ஒன்று இதில் உண்டு. அப்போதிருந்த சோல்பரி அரசியலமைப்பின் முறையில் ஒரு மாகாணத்துக்கு எத்தனை ஆசனம் என்பது 75,000 பேருக்கு ஒன்று, 1,000 சதுர மைலுக்கு ஒன்று என்று கணிக்கப்பட்டது. 95இல் 25 ஆசனம் நிலப்பரப்புக்கு. இந்த 75,000இல் எண்ணப்பட்டவர்கள் ஆட்கள், வாக்காளர்கள் அல்ல. ஆகவே வாக்குரிமை இழந்த தோட்டத் தொழிலாளரும் தலைக்கணக்கில் இருந்தார்கள். அவர்களின் தலைகளால் கிடைத்த ஆசனத்துக்கு வாக்களித்தவர்கள் அயல் கிராமத்தவர்கள். 1959 எல்லை நிர்ணயத்திலும் இதே கதைதான்.

தொண்டமான் 1960இல் நியமன உறுப்பினராக வந்தார். மக்கள் வாக்கால் மீண்டும் தெரிவானது 1977இல், மூன்று பேரைத் தெரிவு செய்யும் நுவரெலியா - மஸ்கெலியா பல அங்கத்தவர் தொகுதியில், காமினி திசாநாயக்க, அநுர பண்டாரநாயக்க ஆகியோருடன் மூன்றாமவராக. ஒருவரை மட்டும் தெரிவு செய்யும் தொகுதியாக இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

கேள்வி: 1977க்குப் பிறகு 1989 வரை பொதுத்தேர்தலே இல்லையா?
(வாசகர், மட்டக்களப்பு)

பதில்: இல்லை. தேர்தலுக்குப் பதிலாக 1982 டிசம்பர் 22இல் சர்வஜன வாக்கெடுப்பு ஒன்று வைத்தார்கள். இருக்கும் பாராளுமன்றம் இன்னும் ஆறு ஆண்டு, அதாவது 1989 ஓகஸ்ட் வரை தொடரலாமா என்பது கேள்வி. ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். விளக்குக்கு 54.66 சதவீதம் விழுந்தது. யாழ். மாவட்டத்தில் பெருவாரியாக வென்றது குடம்.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்பதற்கும் விடை கணக்கில்தான் இருக்கிறது. அதற்கு இரண்டு மாதத்துக்கு முன் ஜனாதிபதித் தேர்தலில் ஜே.ஆர். ஜயவர்தன எடுத்தது 52.91 சதவீதம். புதிய விகிதாசார முறையில் அந்த வாக்குக்கு மூன்றில் இரண்டு கிடைக்க வழியில்லை. பழைய முறையில் வந்த ஆறில் ஐந்து பங்கை அப்படியே வைத்திருக்க ஒரே வழி, தேர்தல் வைக்காமல் இருப்பது.

கேள்வி: என் பாட்டி எப்போதும் கட்சிக்குப் போடாமல் ஆளின் இலக்கத்துக்கு மட்டும் புள்ளடி போடுவார். அது செல்லுமா? வாக்கு எதனால் நிராகரிக்கப்படுகிறது?
(வாசகி, கிளிநொச்சி)

பதில்: செல்லாது. பாட்டியிடம் இன்றே சொல்லுங்கள்.

பாராளுமன்ற வாக்குச்சீட்டில் இரண்டு பகுதி. மேலே கட்சிகளும் சுயேச்சைக்குழுக்களும், சின்னத்தோடும் வெற்றுக் கட்டத்தோடும். கீழே வேட்பாளர் இலக்கங்கள் மட்டும், பெயர் இருக்காது. முதலில் மேலே ஒரே ஒரு கட்சியின் கட்டத்தில் ஒரு புள்ளடி. அதற்குப் பிறகு, விரும்பினால், அந்தக் கட்சியின் வேட்பாளர்களில் ஒருவர், இருவர் அல்லது மூவரின் இலக்கத்தில் புள்ளடி. இதுதான் விருப்பு வாக்கு. கீழே ஒன்றும் போடாமல் விட்டாலும் கட்சிக்கான வாக்கு செல்லும்.

பிழைகள் பெரும்பாலும் ஐந்து வகை. கட்சிக்குப் போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் முழுச் சீட்டும் போகும். இரண்டு கட்சிக்குப் போட்டாலும் முழுதும் போகும். மூன்றுக்கு மேல் இலக்கம் போட்டால் கட்சி வாக்கு நிற்கும், விருப்பு வாக்கு மட்டும் போகும். பெயரோ கையொப்பமோ, ஆளை அடையாளம் காட்டும் எதையும் எழுதினால் போகும். கடைசியாக, இரண்டு கட்டங்களுக்கும் நடுக் கோட்டில் விழுந்த புள்ளடி. அதை எண்ணும் மேசையில் முகவர்கள் வாதாடுவார்கள், உங்கள் எண்ணம் எது என்று பக்கத்தில் நின்று சொல்ல நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள். கட்டத்தின் நடுவில் நிதானமாகப் போடுங்கள்.

2024இல் செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் நிராகரிக்கப்பட்டவை 300,300. எட்டு வாரம் கழித்து நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில், வாக்களித்தவர் தொகை குறைந்தும், நிராகரிக்கப்பட்டவை 667,240. இதில் வேண்டுமென்றே பழுதாக்கியவையும் உண்டு. ஆனால் ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று எழுதிய கை, நீண்ட சீட்டைக் கண்டதும் தடுமாறியதும் உண்டு.

கேள்வி: கம்பஹாவில் ஒருவர் 7 இலட்சம் விருப்பு வாக்கு எடுத்தார். வேறு மாவட்டத்தில் 20 ஆயிரம் எடுத்தவரும் எம்.பி. 50 ஆயிரம் எடுத்த சிலர் வெளியே. நியாயமா?
(வாசகர், நீர்கொழும்பு)

பதில்: விருப்பு வாக்கை மாவட்டத்துக்கு மாவட்டம் மட்டுமல்ல, கட்சிக்குக் கட்சியும் ஒப்பிடக்கூடாது. அது ஒரே பட்டியலுக்குள் யார் முதலில், யார் பிறகு என்று வரிசைப்படுத்த மட்டுமே. கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பது முன்பே தீர்ந்துவிட்டது. விஜித ஹேரத் 2024இல் கம்பஹாவில் எடுத்த 716,715 விருப்பு வாக்கு அவரைப் பட்டியலின் உச்சியில் வைத்தது, கட்சிக்கு ஓர் ஆசனத்தைக்கூடக் கூட்டவில்லை.

ஆகையால் ஒரு வேட்பாளரின் உண்மையான எதிராளி அடுத்த கட்சிக்காரர் அல்ல, தன் பட்டியலிலேயே பக்கத்து இலக்கக்காரர். சிங்களத்தில் 'மனாபே' சண்டை என்று சொல்வது இதைத்தான். 2010 ஏப்ரல் 8 தேர்தலில் கண்டி மாவட்டத்தின் நாவலப்பிட்டியில் ஆளுங்கட்சி வேட்பாளர்களுக்கிடையிலான போட்டி முற்றி, சில வாக்களிப்பு நிலையங்களின் வாக்களிப்பு இரத்தானது. திருகோணமலை மாவட்டத்தின் கும்புறுப்பிட்டியிலும் ஒரு நிலையத்தில் இரத்து. ஏப்ரல் 20இல் மீள்வாக்களிப்பு நடக்கும்வரை கண்டி, திருகோணமலை மாவட்டங்களின் ஆசனங்கள் காத்துக் கிடந்தன. மாவட்டத்தின் மொத்தக் கூட்டுத்தொகை முழுதாகாமல் வகுத்தல் தொடங்க முடியாது.

கேள்வி: தேசியப் பட்டியலுக்கும் 5 சதவீதம் தேவையா?
(வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: இல்லை, அங்கே வெட்டுப்புள்ளியும் இல்லை, போனஸும் இல்லை. மாவட்ட ஆசனங்களுக்கு வெளியே, கட்சிகளுக்கு நாடளாவிய வாக்கால் பங்கிடப்படும் 29 ஆசனங்கள்தான் தேசியப் பட்டியல். ஆகவே நாடு முழுக்க விழுந்த செல்லுபடியான வாக்குகளை 29ஆல் வகுக்க வேண்டும். 2024இல் மொத்தம் 11,148,006. ஓர் ஆசனத்தின் விலை 384,414. முழு விலை கொடுத்தவர்கள் போக, மிச்சம் பெரிய மீதிக்கு. தேசிய மக்கள் சக்திக்கு 18, ஐக்கிய மக்கள் சக்திக்கு 5. மாவட்டங்களில் ஓர் ஆசனமும் எடுக்காத சர்வஜன அதிகாரம், 1.6 சதவீத வாக்கோடு மீதிக் கணக்கில் ஒன்று எடுத்தது. நாடெங்கும் தூவினாற்போல் வாக்குள்ள கட்சிக்கு உள்ள ஒரே கதவு இது. 2020இல் ஐ.தே.க. உள்ளே வந்ததும் இதே கதவால்தான், ஒரே ஓர் ஆசனத்தோடு. அதில் 2021 ஜூனில் சத்தியப்பிரமாணம் செய்த ரணில் விக்கிரமசிங்க அடுத்த ஆண்டு ஜூலையில் ஜனாதிபதி.

தேர்தலுக்கு முன் கொடுத்த பட்டியலில் உள்ளவரை அல்லது மாவட்டத்தில் போட்டியிட்டுத் தோற்றவரைக் கட்சி நியமிக்கலாம். இடையில் வெற்றிடம் வந்தாலோ பட்டியலில் பெயரே இல்லாத கட்சி உறுப்பினரையும் கொண்டுவர முடிகிறது. 2016இல் சரத் பொன்சேகா வந்தது அப்படி. பட்டியலை முன்கூட்டியே வெளியிடச் சொல்லும் விதியின் நோக்கத்தை இது அரைவாசி கெடுக்கிறது என்பது எங்கள் கருத்து.

கேள்வி: யாழ். மாவட்டத்தில் 10 ஆசனம் இருந்தது, இப்போது 6. சனம் குறைந்துவிட்டதா?
(வாசகர், பருத்தித்துறை)

பதில்: இடாப்பில் உள்ள பெயர்கள் அதிகம் குறையவில்லை, அதுதான் ஆச்சரியம். 1994இல் யாழ். தேர்தல் மாவட்டத்தில் (கிளிநொச்சியும் இதற்குள்தான்) பதிவான வாக்காளர் 6 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 2024இலும் 6 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் நாட்டின் மொத்தம் 1 கோடியே 9 இலட்சத்திலிருந்து 1 கோடியே 71 இலட்சமாகிவிட்டது. மாவட்ட ஆசனங்கள் 196தான், கூடாது. அதில் 36 மாகாணத்துக்கு நான்கு வீதம் போக, 160 ஆசனம் பதிவான வாக்காளர் விகிதப்படி பங்கிடப்படும். மற்றவர்கள் வளர, நீங்கள் நின்ற இடத்தில் நின்றால் பங்கு தேயும். 2010இல் 9, 2015இல் 7, 2024இல் 6.

பதிவுதான் கணக்கு, வாக்களிப்பு அல்ல என்பதற்கு 1994ஐ விடச் சிறந்த உதாரணம் இல்லை. போருக்குள் மிகச் சிலரே வாக்களிக்க முடிந்த அந்தத் தேர்தலில், ஈ.பி.டி.பி.யின் சுயேச்சைக்குழு 10,744 வாக்கோடு பத்தில் 9 ஆசனங்களை எடுத்தது. எத்தனை பேர் வாக்களித்தாலும் பத்து ஆசனமும் நிரப்பப்பட்டே ஆக வேண்டும். ஆண்டுதோறும் கிராம அலுவலர் இடாப்பைத் திருத்தும்போது உங்கள் வீட்டில் 18 ஆன பிள்ளையின் பெயர் ஏறியதா என்று பாருங்கள். அந்தப் பெயர், அவர் வாக்களித்தாலும் விட்டாலும், மாவட்டத்தின் ஆசனப் பங்கில் சேரும்.

கேள்வி: நாங்கள் சில இளைஞர்கள் சுயேச்சைக்குழுவாக நிற்க எண்ணுகிறோம். எத்தனை பேர் வேண்டும், கட்டுப்பணம் எவ்வளவு, வேட்புமனு ஏன் நிராகரிக்கப்படுகிறது?
(வாசகர், முல்லைத்தீவு)

பதில்: மாவட்ட ஆசன எண்ணிக்கையோடு மூன்றைக் கூட்டுங்கள். வன்னியில் 2024இல் 6 ஆசனம், ஆகவே 9 பேர். எட்டும் கூடாது, பத்தும் கூடாது. அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்குக் கட்டுப்பணம் இல்லை. சுயேச்சைக்குழுவுக்கு 2024 தேர்தலில் ஆளுக்கு 2,000 ரூபாய், ஒன்பது பேருக்கு 18,000. அடுத்த தேர்தலுக்கு முன் தொகையை மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

கட்டுப்பணத்தின் கடைசி நேரமும் வேட்புமனுவின் கடைசி நேரமும் ஒன்றல்ல. 2024இல் பணம் ஒக்டோபர் 10 நண்பகலோடு முடிந்தது, மனு ஒக்டோபர் 11 நண்பகலோடு. மனுவோடு சேர்த்துப் பணத்தையும் கட்டலாம் என்று கடைசி நாளில் போனால் பயணம் வீண். மனுவைக் கையளிக்கச் சட்டம் அனுமதித்தவர், உங்கள் விடயத்தில் குழுத் தலைவர், தானே கொண்டுபோக வேண்டும்.

நிராகரிப்பு பெரும்பாலும் சின்ன இடத்தில்தான் நடக்கும்: ஒருவரின் சம்மதக் கையொப்பம் இல்லை, ஆள் எண்ணிக்கை ஒன்று குறைவு, உறுதிப்படுத்த வேண்டிய கையொப்பம் உறுதிப்படுத்தப்படவில்லை. ஒருவரின் குறைக்கு அவரை மட்டும் நீக்கிவிட்டு மற்ற எட்டுப் பேரை விடமாட்டார்கள். எண்ணிக்கை குறைந்துவிடும், முழுப் பட்டியலும் போகும். ஆகவே ஒன்பது பேரையும் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே ஓரிடத்தில் கூட்டிக் கையொப்பம் வாங்குங்கள். வெளிநாட்டில் இருக்கும் நண்பர் கட்டாயம் வந்துவிடுவார் என்று ஓர் இடத்தை வெறுமையாக வைத்துக் காத்திருக்க வேண்டாம்.